வந்தவர் எண்ணிக்கை: பூஜ்யம்

அவளை எல்லோரும் படக்காரி என்றுதான் சொல்வார்கள். பதினெட்டு வயதில் ஒரு ஸ்டுடியோவில் விளக்குப் பிடிக்கப் போனவள். "மோவாயைக் கொஞ்சம் தூக்குங்க, சிரிக்காதீங்க, சிரிச்சா ஆபீஸ்ல வாங்க மாட்டாங்க" என்று இருபது வருஷம் ஊரில் பாதிப் பேரிடம் சொல்லியிருக்கிறாள். முதலாளி கடையை மூடிவிட்டு மகன் வீட்டோடு போய்விட்ட பிறகு கிடைத்ததுதான் இந்தக் கம்பெனி வேலை.

கடலுக்குள் காற்றாலை நடப்போகிறவர்கள், கரையில் இருப்பவர்கள் கண்ணுக்கு அது எவ்வளவு உறுத்தும் என்று முன்கூட்டியே கணக்கெடுத்துக் கொடுக்க வேண்டும். அது அரசாங்க விதி. அந்தக் கணக்கை எடுத்துக் கொடுப்பது அவளுடைய கம்பெனி. கண் உறுத்தலுக்கெல்லாம் கணக்கா என்று கேட்பவர்கள் சிரிப்பார்கள். அவள் கணவர் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். அவள் இந்த வேலையில் சேர்ந்த அன்று அவரும் சிரித்தார். "அதாவது, தியேட்டர்ல முன்சீட்டுக்காரன் தலை மறைக்குதுன்னு சண்டை போடுவோமே, அதுக்குச் சம்பளமா?" என்றார். விளையாட்டுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த வேலையை அதைவிடச் சரியாக யாரும் சொல்லிவிட முடியாது.

வேலைக்கு ஒரு முறை உண்டு. கரையில் ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, மூடுபனி இல்லாத நாளாகப் பார்த்து, நிற்கிற ஆளின் கண் உயரத்தில் கேமராவை ஸ்டாண்டில் நிறுத்திக் கடலைப் படம் எடுக்க வேண்டும். பிறகு கம்ப்யூட்டரில், கோபுரங்கள் எங்கே எவ்வளவு பெரிதாகத் தெரியுமோ அப்படியே அந்தப் படத்தில் நட வேண்டும். கூடவே, அந்த இடத்துக்கு எத்தனை பேர் வந்து நின்று கடலைப் பார்க்கிறார்கள் என்றும் எண்ண வேண்டும். அதற்கு ஒரு பெட்டி இருக்கிறது. கம்பத்தில் கட்டிவிட்டால், சூடான உடம்பு எது குறுக்கே போனாலும் ஒன்று என்று எண்ணிக்கொண்டு, முகம் தெரியாதபடி மங்கலாக ஒரு படமும் எடுத்துக்கொள்ளும். பார்ப்பவர்கள் அதிகமென்றால் பாதிப்பு அதிகம். பார்க்க ஆளில்லையென்றால் பாதிப்பும் இல்லை. மேலாளர் இதை ஒரு நாளைக்கு நாலு தடவையாவது சொல்வார். எதைக் கேட்டாலும் நூற்றுக்கு இத்தனை என்று பதில் சொல்கிற அந்த ஆளுக்குச் சதவீதம் என்று பெயர் வைத்ததே படக்காரிதான்.

கம்பெனி எழுதும் அறிக்கையில் 'பூர்வகுடியினர்' என்று ஓர் அத்தியாயம் கட்டாயம் உண்டு. படக்காரி அந்த அத்தியாயத்தில் பிறந்தவள். ஆபீஸில் அவள் அதைச் சொல்லிக்கொண்டதில்லை. சொன்னால் நல்லவர்கள் பாவம் என்று பார்ப்பார்கள், கெட்டவர்கள் சலுகை என்று பேசுவார்கள். இரண்டுமே அவளுக்கு ஆகாது.

அவள் ஜனங்கள் நூற்றுச் சொச்சம் வீடு. வீடுகளுக்குப் பின்னால், கடலை ஒட்டினாற்போல் ஒரு மேடு இருக்கிறது. அதன்மேல் அவர்களில் யாரும் கால் வைப்பதில்லை. இறந்துபோனவர்கள் அங்கே நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உயிரோடிருப்பவர்கள் குறுக்கே போய் மறைக்கக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். கல் கிடையாது, வேலி கிடையாது, கும்பிடு கிடையாது. விளையாடுகிற பந்து மேட்டில் போய் விழுந்தால் பந்து போனது போனதுதான் என்று நடை பழகும்போதே பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும். வெளியாள் ஏறினால் யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். தெரியாமல் வைக்கிற காலில் என்ன குற்றம்? நம் ஆள் ஏறக் கூடாது. நம் ஆளாக இருந்து செத்தால், அங்கே நிற்க ஓர் இடம் உண்டு.

படக்காரியின் மகள் அங்கே நிற்கிறாள். பதினொரு வயதில் காய்ச்சலில் படுத்தவள் நான்காம் நாள் எழுந்திருக்கவில்லை. எட்டு வருஷமாகிறது. குடியிருப்புக்கு இரண்டு தெரு தள்ளி, இஸ்திரிக் கடைக்கு மேலே இருக்கிற இரண்டு அறைதான் அவள் வீடு. சமையலறை ஜன்னலில் மேடு தெரியும். காலையில் பால் பொங்குவதற்குள் அவள் ஒரு பார்வை பார்த்துவிடுவாள். கணவர் வெளியூர்க்காரர், அவருக்கு இதிலெல்லாம் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் அந்த நேரத்தில் அவர் ஜன்னல் பக்கம் வந்து நிற்க மாட்டார்.

போன வருஷம் கம்பெனி தேர்ந்தெடுத்த ஒன்பது இடங்களில் அந்த மேடும் ஒன்று. படக்காரி மேட்டுக்குக் கீழேயே நின்றுகொண்டு, டிரைவரை மேலே அனுப்பிப் பெட்டியைக் கட்டவைத்தாள், கேமராவையும் நிறுத்தவைத்தாள். "முட்டி வலி" என்று அவரிடம் ஒரு சாக்குச் சொன்னாள். எல்லாம் முடிந்ததும், "இன்னொரு படம் எடுங்களேன். ஸ்டாண்டை நாலடிக்கு இறக்கிக்குங்க" என்று கத்தினாள்.

"நாலடியா? அது பிள்ளைங்க உயரமாச்சே, மேடம்?"

"சும்மா எடுங்க. தேவைப்படும்."

பதினான்கு நாள் கழித்துப் பெட்டியைத் திறந்தார்கள். ஒன்பது இடங்களில் எட்டுக்கு நூற்றுக்கணக்கில் எண்ணிக்கை. மேட்டுக்கு மட்டும் பூஜ்யம். ஒரே ஓர் ஆள்கூட இல்லை. படக்காரிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. நூற்றுச் சொச்சம் வீடு, பொடிசுகள் மட்டும் அறுபது எழுபது தேறும். பதினான்கு நாளில் ஒரு கால் படவில்லை! இதைப் பார்க்கிற யாருக்கும் அந்த மேடு எப்பேர்ப்பட்டது என்று தானாகப் புரிந்துவிடும் என்று நினைத்தாள். படிவத்தில் 'வந்தவர் எண்ணிக்கை: பூஜ்யம்' என்று அழுத்தி எழுதிக் கையெழுத்தும் போட்டாள். வெளியில் இருப்பவனுக்கு இந்தத் தப்பு வந்திருக்காது. அவனுக்குப் பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை என்று தெரியும்.

காற்றாலைக்கு மூன்று இடம் யோசனையில் இருந்தது. எண்ணிக்கை போய்ச் சேர்ந்ததும் இரண்டு கழிந்தது. மேட்டுக்கு நேர் எதிரே எழுபத்திரண்டு கோபுரம் என்று முடிவாகி, படத்தில் நட்டுக் கொடுக்கச் சொல்லி அவள் மேஜைக்கே வந்தது. காகிதத்தில், 'பயன்பாடு அற்ற இடம். பார்வைப் பாதிப்பு மிகக் குறைவு' என்று இருந்தது. ஆதாரம் என்ற இடத்தில் அவளுடைய கையெழுத்து.

நட்டாள். வேலையாயிற்றே. நட்டு முடித்த பிறகு, யாரும் கேட்காத அந்த நாலடிப் படத்தை எடுத்து அதிலும் நட்டுப் பார்த்தாள். கடலும் வானமும் தொடுகிற கோட்டில் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை இடுக்கில்லாமல் கோபுரம். அவள் பெண்ணுக்குத் திரும்பிப் பார்க்க ஒரு பக்கம் பாக்கியில்லை. படக்காரி பாத்ரூமுக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள். என் கையாலேயே அவள் கண்ணை மறைத்துவிட்டேனே என்று அழுதாள்.

முகம் கழுவிக்கொண்டு சதவீதத்தின் அறைக்குப் போனாள். "சார், அந்த மேட்டுக்கு அந்த ஜனங்க போகாததுக்குக் காரணம் வேற. அது அவங்களுக்கு ரொம்ப முக்கியமான இடம். அதனாலதான் போறதில்ல."

"முக்கியம்னா போகணுமே மேடம்?"

"முக்கியம்கறதாலதான் போறதில்ல சார்."

அவர் பேனாவை மூடினார், திறந்தார். கெட்ட மனிதரில்லை, பூஜ்யத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவருக்கு யாரும் சொல்லித்தரவில்லை. "எழுதிக் குடுங்க, பின்னிணைப்புல சேர்த்துடறேன். ஆனா பின்னிணைப்பை நூத்துக்கு ரெண்டு பேர் படிச்சா அதிகம். வேணும்னா விதியில மறுபடி எண்ண இடமிருக்கு. இன்னொரு பதினாலு நாள். ஆள் வந்தா நானே மாத்தி எழுதறேன்."

அவள் ஒரு பக்கத்துக்கு எழுதிக் கொடுத்தாள். ஆபீஸ் கடிதம் என்பதால் 'அம்மக்கள்' என்றே எழுதினாள். 'நாங்கள்' என்று எழுதவில்லை. டிரைவர் போய்ப் பெட்டியைத் திரும்பக் கட்டிவிட்டு வந்தார். அன்று சாயங்காலமே படக்காரி அத்தை வீட்டுக்குப் போனாள்.

அத்தை அவள் அப்பாவின் அக்கா. குடியிருப்பிலேயே வயதில் மூத்தவள். பஸ்ஸில் கண்டக்டர் கேட்காமலேயே "இவனுக்குப் போன மாசமே அஞ்சு முடிஞ்சிடுச்சு" என்று சொல்லி முழு டிக்கெட் வாங்குகிற ரகம். பொய் அவளுக்கு வாயில் வராது. இந்தக் குணத்தால் குடும்பத்தில் இரண்டு கல்யாணம் நின்றிருக்கிறது.

"ஒரே ஒரு தடவை, அத்தை," என்றாள் படக்காரி. "எல்லாரும் வரிசையா ஏறி இறங்கிட்டா போதும். எண்ணிக்கை பதிவாயிடும். அப்புறம் காலத்துக்கும் நாம அந்தப் பக்கம் போக வேண்டாம்."

அத்தை காய் நறுக்குவதை நிறுத்தவில்லை. "அங்க நிக்கறவங்களைக் காப்பாத்த, நின்னுட்டிருக்கிற இடத்துல போய் இடிச்சுத் தள்ளச் சொல்றியா?"

"இல்லன்னா எழுபத்திரண்டு கோபுரம் வரும், அத்தை!"

"வரட்டும். அது அவன் பண்ற தப்பு. இது நாம பண்ற தப்பு. ஏண்டி, உனக்கு மட்டுந்தான் அங்க ஆள் நிக்குதா? எங்க அம்மா நிக்குது, உங்கப்பன் நிக்கறான். உன் பொண்ணு மேல எங்களுக்குப் பாசம் இல்லையா?" கத்தியைக் கீழே வைத்தாள். "போய் அதிகாரிங்க கால்ல விழு, நான் கூட வந்து விழறேன். மேட்டுல மட்டும் கால் வைக்காதே. வச்சா நீ நம்ம ஆள் இல்ல."

படக்காரி மூன்று நாள் பொறுத்தாள். பெட்டி காத்துக்கொண்டிருந்தது, ஒருவரும் வரவில்லை. நான்காம் நாள் காலை, பால் பொங்கி வழிந்து அடுப்பு அணைந்தது. அவள் ஜன்னலை விட்டு நகரவில்லை. பிறகு கணவரின் மழைக்கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

மேட்டின் அடியில் கால் எழவில்லை. நாற்பத்தாறு வயதுவரை வைக்காத கால். "கொஞ்சம் நகரு கண்ணு, அம்மாதான்" என்று சத்தமாகச் சொல்லிவிட்டு ஏறினாள். பெட்டிக்குக் குறுக்கே போனாள். கீழே இறங்கிக் கோட்டைக் கழற்றிப் பையில் திணித்து, தலையில் சால்வையைப் போட்டுக்கொண்டு திரும்ப ஏறினாள். பிறகு தொப்பியோடு ஒரு முறை, குடையோடு ஒரு முறை, முதுகை வளைத்துக் கிழவி மாதிரி ஒரு முறை. வேறு யாராவது இப்படிச் செய்வதைப் பார்த்திருந்தால் அவளே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்திருப்பாள். ஆனால் அவளுக்கு ஒவ்வொரு முறையும் பிள்ளையை இடித்துக்கொண்டு போகிற மாதிரியே இருந்தது. ஒவ்வொரு முறையும் "இதோ முடிஞ்சிடுச்சு, இன்னும் கொஞ்சம்" என்று கெஞ்சினாள்.

கணவருக்கு மூன்றாம் நாளே தெரிந்துவிட்டது. கோட்டில் மணல் ஒட்டியிருந்தது.

"உங்க ஆளுங்க யாராவது பார்த்தா?"

"மழைக்கோட்டுல யாருன்னு தெரியும்?"

"எனக்குத் தெரியும். முதுகைப் பார்த்தாலே தெரியும்." பிறகு தன்னுடைய பழைய வேலைச் சட்டையை எடுத்து அவள் பையில் வைத்தார். "இது ஒண்ணு இன்னும் போடல இல்ல" என்றார்.

பதினான்காம் நாள் பெட்டியைத் திறந்தபோது எண்ணிக்கை இருநூற்றுப் பன்னிரண்டு. சதவீதம் ஆச்சரியப்பட்டார், பாதிப்பை 'நடுத்தரம்' என்று மாற்றி எழுதினார், சொன்ன வாக்கைக் காப்பாற்றினார். நடுத்தரம் என்றால் எதுவும் நகராது என்பதை அப்புறம்தான் மெதுவாகச் சொன்னார். கோபுரங்களுக்கு வெள்ளைக்குப் பதிலாகச் சாம்பல் வண்ணம் அடிப்பார்களாம்.

இனி மிச்சமிருந்தது பொது விசாரணை ஒன்றுதான். நகராட்சிக் கூடத்தில் பதினொரு மணிக்கு ஆரம்பித்தது. மைக் கீச்சிட்டு அடங்கியது. மேடையோரம் அவள் நட்ட கோபுரப் படம் ஆள் உயரத்துக்கு நின்றது. அவள் ஜனங்கள் பின்வரிசைகளில் உட்கார்ந்திருந்தார்கள். அவள் கம்பெனிக்காரர்களோடு பக்கவாட்டு நாற்காலியில் இருந்தாள்.

விசாரணை அதிகாரி மெல்லிய குரல்காரர். ஐம்பது வயதிருக்கும் ஒரு பெண்மணி. கோபுரப் படத்தை அவர் நிமிர்ந்தும் பார்க்கவில்லை. கையில் பின்னிணைப்பு இருந்தது. நூற்றுக்கு இரண்டு பேரில் ஒருவர்!

"இருநூத்திப் பன்னெண்டைவிட எனக்கு இந்தப் பூஜ்யம்தான் முக்கியமாப் படுது," என்றார். "இத்தனை வீடு பக்கத்துல இருந்தும் ஒருத்தர்கூட வரலை. இந்தக் கடிதத்துல, அவங்க வேணும்னேதான் போறதில்லன்னு இருக்கு. வழிவழியா மிதிக்காம காக்கற இடம்னா அதுக்குத் தனி விதி இருக்கு. அதுக்கு எதிர்ல ஒரு கோபுரம்கூட வரக் கூடாது. வேற இடத்துக்கு மாத்தித்தான் ஆகணும். இங்க மூத்தவங்க யாரு?"

படக்காரிக்குக் காது அடைத்துக்கொண்டது. அந்தக் கடிதம் போதும். அவள் எழுதின அந்த ஒரு பக்கமே போதும். அவள் நடந்தே இருக்க வேண்டாம்.

அத்தை எழுந்து நின்றாள்.

"அம்மா, அந்த மேட்டுல உங்க ஆளுங்க கால் வைக்கறதில்லையா?"

"வைக்க மாட்டோம்."

"எப்பவுமே?"

"எப்பவுமே."

"அப்ப இந்த இருநூத்திப் பன்னெண்டு பேர்?"

அத்தை தரையைப் பார்த்தாள். "ஒரு பொம்பளை நடந்தா. ஒருத்திதான். உடுப்பை மாத்தி மாத்தி நடந்தா. வீட்டுலேர்ந்து பாத்தோம்."

கூடத்தில் சலசலப்பு எழுந்தது. அதிகாரி கையைக் காட்டி அடக்கினார். "அவங்க யாரு? யோசிச்சுச் சொல்லுங்க. வெளியாள்னா பரவாயில்ல. உங்க ஆளே நடந்திருந்தா, அந்தக் காவலை நீங்களே விட்டுட்டீங்கன்னு எதிர்த்தரப்புல சொல்வாங்க. நானும் அதை மறுக்க முடியாது. யாரு உங்க ஆள், யாரு இல்லங்கறதை நீங்கதான் சொல்லணும். சட்டம் அதுல தலையிடாது."

அத்தை வாயைத் திறந்தாள், மூடினாள். அந்த வாயிலிருந்து என்ன வரும் என்று கூடத்தில் படக்காரியைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் யாருமில்லை. அவள் எழுந்துவிட்டாள். நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"நான்தான் மேடம் நடந்தேன். எண்ணிக்கை வரணும்னு நான்தான் நடந்தேன். இருநூத்திப் பன்னெண்டும் நான்தான்."

சதவீதம் தலையில் கை வைத்துக்கொண்டார். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "நீங்க இவங்க ஆளா?"

பின்வரிசைகளில் தாய்மாமன் மக்கள் இருந்தார்கள், அவளோடு பள்ளிக்கூடம் போனவர்கள் இருந்தார்கள், அவள் மகளைக் குளிப்பாட்டிக் கிடத்தியவர்கள் இருந்தார்கள்.

"இல்ல மேடம்," என்றாள். திரும்பவும் சொன்னாள். "இல்ல. நான் வெளியாள். கம்பெனி வேலைக்கு வந்தவ. எனக்கும் இவங்களுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்ல."

"சரிதானாம்மா?" அதிகாரி அத்தையிடம் கேட்டார்.

அத்தை முதல்முறையாக நிமிர்ந்து படக்காரியைப் பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். இல்லை, எங்க ஆள்தான் என்று சொல்லிவிடுவாளோ என்று படக்காரிக்குப் பயமாக இருந்தது. சொல்லிவிட மாட்டாளா என்று ஏக்கமாகவும் இருந்தது.

"ஆமா," என்றாள் அத்தை. "வெளியாள்தான்."

குமாஸ்தா எழுதிக்கொண்டார். அரை மணியில் எல்லாம் முடிந்தது. கோபுரங்களை வேறு இடத்துக்கு மாற்ற வேண்டும் என்று அதிகாரி படித்தபோது பின்வரிசையில் யாரோ விம்மினார்கள். பொய்க் கணக்குக் காட்டியதற்குப் படக்காரியின் வேலை அங்கேயே போய்விட்டது. அது அவளுக்கு உறைக்கவில்லை.

வாசலில் ஜனங்கள் அவளைச் சுற்றிக்கொண்டு போனார்கள். யார் முகத்திலும் கோபம் இல்லை. தெருவில் நிற்கிற யாரோ ஒருத்தி மேல் இடித்துவிடாமல் ஒதுங்கிப் போகிற மாதிரி போனார்கள். அத்தை கடைசியாகப் படியிறங்கினாள். படக்காரி ஓடிப்போய்க் குறுக்கே நின்றாள்.

"அத்தை... நான் செத்தா எனக்கு அங்க இடமில்ல, அது தெரியும். ஆனா என் பொண்ணு... அவ அங்க தனியா..."

அத்தையின் கை நீண்டு வந்தது. அவள் தோள்வரை வந்து, தொடாமல் இறங்கியது. கண்ணில் நீர் கட்டியிருந்தது. ஆனால் சொன்ன சொல்லை அத்தை காப்பாற்றாமல் இருந்ததே இல்லை.

"அவ எங்க பொண்ணும்மா," என்றாள். "நாங்க பாத்துக்கறோம். நீங்க பத்திரமா வீடு போய்ச் சேருங்க."